எதற்கென்று தெரியாமல் கொடுத்த மன்னிப்பு

புனிதா என் வலது காலைத் தூக்கி நீல நிற பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்தாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நல்லெண்ணத்தில் யாரோ அதில் கொஞ்சம் சோப்பு விட்டிருந்தார்கள். எலுமிச்சை வாசனை. பாத்திரம் கழுவும் சோப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எனக்கு உள்ளங்காலில் ஆணி உண்டு. மலேசியாவில் எங்கள் ஊரான செனாயில், ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பாதுகாப்புக் காலணி போட்டதற்குக் கிடைத்த நீண்டகாலச் சேவை விருது அது. அதன் மேல் அவள் கை படும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் நான் பரிசுத்த ஆவியில் நெகிழ்ந்துபோயிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

துண்டால் துடைத்துவிட்டு, மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயாக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டேன்மா" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

புனிதா என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சும்மா கண் கலங்குவது இல்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். என் முகாம் டீ-சட்டையின் ஓரம் நனைந்துபோனது. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

எதற்கு மன்னிப்பு?

கழுவுவதற்கு முன் கழுவியது

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சபையில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விசுவாசத்தைப் புதுப்பிக்க ஒரு முகாம் நடக்கும். நாங்கள் ரிட்ரீட் என்போம். வெள்ளிக்கிழமை ஒரு பேருந்தில் ஏறுவோம், ஞாயிறு மதியம் திரும்புவோம். இடையில் ஜெபம், பாட்டு, பிரசங்கம், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். இந்த முறை சாஆ என்ற சிற்றூரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கைப்பேசியில் ஒரு கோடுதான் சிக்னல். அதுவும் சமையலறைப் பின்பக்கம் போய் நின்றால்தான். ஆகவே எல்லாரும் அடிக்கடி சமையலறைக்கு உதவி செய்யப் போனார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் பாதம் கழுவும் ஆராதனை. நீங்கள் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர் முன்னால் போய் மண்டியிட்டு, காலைக் கழுவி, மன்னிப்புக் கேட்க வேண்டும். தாழ்மைக்கு அடையாளம். ஆனால் அழுக்குக் காலை யார் முன்னால் நீட்டுவது? ஒரு மணியிலிருந்தே குளியலறை வாசலில் வரிசை. ஆளுக்கொரு நகம்வெட்டி. என் கணவர் வாழ்நாளில் முதல் முறையாகக் குதிகாலைக் கல்லால் தேய்த்தார். அந்தச் சபை மொத்தமும் அன்று பளபளக்கும் கால்களோடுதான் தாழ்மைக்குள் நுழைந்தது.

நான் யாரிடம் போவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு முறை நான் திட்டிய ஒரு அம்மா. சின்ன விஷயம். இருவருக்கும் சிரமமில்லை. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் பாதுகாப்பான ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

பாஸ்டரின் புது விதி

இந்த முறை ஒரு விதி சேர்த்திருந்தார்கள். காரணம் சொல்லக் கூடாது. கேட்கவும் கூடாது.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. முந்தைய முகாமில் ஒருவர் இன்னொருவரிடம், "பிரதர், உங்க வீட்டு மீன் கறிய சாப்பிட்டுத்தான் எனக்கு வயித்தால போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். மீன் கறிக்காரருக்கு அப்படி ஒரு பேச்சு ஊரில் உலவுவதே அதுவரை தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. ஒப்புரவு ஆராதனை கார் நிறுத்துமிடத்தில் போய் முடிந்தது. ஒரு குடும்பம் வேறு சபைக்கே மாறிவிட்டது.

எங்கள் பாஸ்டர் சின்ன வயதுக்காரர். இறையியல் கல்லூரியிலிருந்து நேரே எங்களிடம் வந்தவர். அடிபட்டதில் பாடம் படித்திருந்தார். "காரணம் சொன்னா பழைய புண்ணக் கிளறுன மாதிரி ஆயிடும். மன்னியுங்க, மன்னிச்சிட்டேன், அவ்ளோதான். மீதிய ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். எல்லாரும் ஆமென் என்றோம். நானும்தான், கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு பிரஷர் குக்கரும் பிற சந்தேகங்களும்

புனிதா எனக்கு யார் என்று சொல்ல வேண்டும். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காரில்தான் ஆலயத்துக்குப் போகிறேன். என் கணவரிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

தொழிற்சாலையில் என் வேலை தரப் பரிசோதனை. உருப்பெருக்கிக்கு அடியில் சர்க்யூட் பலகையை வைத்து, எங்கே குறை என்று தேடுவது. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வரும், ஆலயத்துக்கும் வரும். மாலைத் தேநீருக்குள் புனிதாவுடனான இருபது வருடத்தையும் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இரவல் வாங்கிய பிரஷர் குக்கரை வாஷர் இல்லாமல் திருப்பித் தந்தாளே, அதுவா? ஒரு கிறிஸ்துமஸுக்கு என் தனிப்பாடலைப் பட்டியலிலிருந்து எடுத்தார்களே, அதில் இவள் கை இருந்ததா? என் கணவரிடம் இவள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசுவாளே என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த மனிதர் அப்போது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உள்ளே உடைந்து விழ, கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகத்தை அங்கேயே கைவிட்டேன்.

நேரே அவளிடமே கேட்டேன். "எதுக்கும்மா அவ்ளோ அழுத?"

"காரணம் சொல்லக் கூடாதுன்னு பாஸ்டர் சொன்னாரேக்கா."

பாஸ்டரிடம் போனேன். அவர் கையில் கிதாரோடு நின்றார்.

"அது உங்களுக்கும் அவங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது, சிஸ்டர்."

"பாஸ்டர், ஆண்டவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தானே தெரியல?"

அவர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தெரியாமலே மன்னிச்சீங்க பாருங்க, அதுதான் பெரிய விசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். எனக்கு அது விசுவாசமாகத் தெரியவில்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டது போலத்தான் இருந்தது.

ஆறு வருஷம்

ஞாயிறு காலை சாட்சி நேரம். முகாமில் பெற்ற நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். புனிதா எழுந்தாள்.

"ஆறு வருஷமா என் நெஞ்சுல ஒரு பாறாங்கல்லு. நேத்து ஜெயாக்கா மன்னிச்சிட்டேன்னு சொன்னதும் அது போயிருச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

கைதட்டல். முன் வரிசையிலிருந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் என் கன்னத்தில் முத்தமே கொடுத்தார். நான் சிரித்தபடி நின்றேன். உள்ளுக்குள் வருடங்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் என்று அவள் சொன்னது போதும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். என் தம்பியின் கல்யாணம் நின்றுபோனது.

தம்பியை ராபர்ட் என்று வைத்துக்கொள்வோம். அது அவன் பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேர மாத்திரு" என்ற ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டான்.

ராபர்ட்டுக்கு ஒரு காலத்தில் குடிப் பழக்கம் முற்றியிருந்தது. நான்தான் அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தேன். சிங்கப்பூரில் ஓவர்டைம் வேலை, மூன்று மாதம் வர முடியாது என்று உறவுக்காரர்களிடம் கதை கட்டினோம். உண்மை தெரிந்தது அவனுக்கும் எனக்கும் மட்டும். அங்கிருந்து வந்த பிறகு அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு சம்பந்தம் அமைந்தது. அமைதியான பெண். அவன் அவளிடம் போனில் பேசும்போது தானாகச் சிரித்துக்கொள்வான். நாற்பதை நெருங்கியவன் அப்படிச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுவாழ்வு இல்லத்தின் பெயர் முதற்கொண்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ராபர்ட் என்னைப் போனில் கூப்பிட்டான். கத்தவில்லை. "அக்கா, நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லலடா. கர்த்தர் சாட்சி" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஆலயத்துக்கு வரவில்லை. என்னோடும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் பத்து வரி வாழ்த்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும்.

ஜெபக் குறிப்பு

சாட்சி நேரம் முடிந்து தேநீர் இடைவேளை. அதற்குப் பிறகு திருவிருந்து, பிறகு பேருந்து. புனிதாவின் கையைப் பிடித்துச் சமையலறைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். சிக்னலுக்காக நின்ற இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

"ராபர்ட் விஷயமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பெண்கள் உபவாச ஜெபத்துல சொன்னேங்க்கா. பேரு சொல்லல. ஒரு சகோதரியோட தம்பி, இந்த இல்லத்துல இருந்து வந்திருக்காரு, இப்போ கல்யாணம் கூடி வந்திருக்கு, பழையபடி விழுந்துறக் கூடாதுன்னு ஜெபிச்சுக்குங்கன்னுதான் சொன்னேன். அங்க பொண்ணோட சித்தி உக்காந்திருப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

இதை எங்கள் சபைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களிடம் புறணி பேசுவது பாவம். ஆனால் ஜெபக் குறிப்பு பாவம் இல்லை. ஒருவருடைய கஷ்டத்தைச் சொல்லி அவருக்காக வேண்டச் சொல்வது ஜெபக் குறிப்பு. விவரம் கூடினால் ஜெபத்தில் பாரமும் கூடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மூல அறுவை சிகிச்சை, ஜெபச் சங்கிலியில் கைமாறிக் கைமாறி மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவர் நாற்காலியில் உட்காரும்போது முன்பின் தெரியாத ஒருவர் தலையணை கொண்டுவந்து நீட்டினார். எல்லாம் அன்பால் நடப்பதுதான். அதனால் யார் மேலும் கோபப்பட முடியாது.

அன்று எனக்குக் கோபம் வந்தது.

"எப்படி புனிதா உனக்கு மனசு வந்துச்சு? அவன் வாழ்க்கைடீ அது!"

அவள் என்னைப் பார்த்தாள். பயந்த குரலில்தான் சொன்னாள்.

"நீங்கதானேக்கா கார்ல வரும்போது சொன்னீங்க. ஜெபத்துல வச்சுக்கம்மான்னு."

பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டேன்.

சொன்னேன்தான். ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில், சிக்னலில் கார் நின்றபோது சொன்னேன். இல்லத்தின் பெயரையும் நான்தான் சொன்னேன். எனக்கு அது மறந்துபோகவில்லை. ராபர்ட் கேட்ட அன்றும் நினைவில் இருந்தது. ஆனால் நான் அதைச் "சொன்னதாக"க் கணக்கில் எடுக்கவில்லை. ஜெபக் குறிப்பு கொடுத்தேன், அவ்வளவுதானே? அதனால் கர்த்தரைச் சாட்சிக்குக் கூப்பிட என் நாக்கு கூசவில்லை. ஆறு வருடமும் நான் அநியாயமாகப் பழி சுமப்பவள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக அழுதுகூட இருக்கிறேன்.

"அக்கா, நீங்க மன்னிச்சிட்டீங்கதானே?" என்று புனிதா மறுபடி கேட்டாள். அவளுக்கு அது உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது.

நான் என்ன சொல்வேன்? மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? வாங்கினால் எந்த முகத்தோடு வாங்குவது? அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பு என்னுடையதே இல்லையே, அது ராபர்ட்டுடையது அல்லவா? எல்லாம் தலைகீழாகக் குழம்பிப்போனது. "போம்மா, மணியடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசை நகர்ந்தது. நான் நாற்காலியிலேயே இருந்தேன். என் கணவர் திரும்பிப் பார்த்து, "வயிறு சரியில்லையா?" என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.

மூன்றாம் மாடி

பேருந்து செனாய் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கணவரையும் பைகளையும் வீட்டில் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன். உடை மாற்றவில்லை. மாற்ற நின்றால் போகாமல் இருந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

ராபர்ட் அங்கே ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறான். வாரத்தில் ஆறு நாள் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். ஞாயிறுதான் வீட்டில் இருப்பான். படியேறும்போதே கெம்போங் மீன் பொரிக்கும் வாசனை. அவன் வீட்டிலிருந்துதான் வந்தது. கிரில் கதவைத் தட்டினேன்.

கரண்டியோடு வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, முகாமில் தந்த என் ஆரஞ்சு நிற டீ-சட்டையைப் பார்த்தான். அதில் "புதிதாக்கும்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

"என்னக்கா?"

கதவு இன்னும் பூட்டித்தான் இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன். "என்னை மன்னிச்சிருடா."

"எதுக்கு?"

பாஸ்டரின் விதி எவ்வளவு வசதியானது என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காரில் சொன்னது, இல்லத்தின் பெயரைச் சொன்னது, கர்த்தர் சாட்சி என்று சொன்னது. உள்ளே மீன் கருகும் வாசனை வந்தது. அவன் போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்போலருந்து?"

"அப்பவே. அந்தப் பொண்ணோட சித்தி என்கிட்டயே சொன்னாங்க. உன் அக்கா உனக்காக ரொம்பப் பாரப்பட்டு ஜெபிக்கச் சொல்லியிருக்காங்க தம்பின்னு. நல்ல மாதிரிதான் சொன்னாங்க."

"தெரிஞ்சுக்கிட்டா என்கிட்ட கேட்ட?"

"ஆமா. நீயே உண்மையச் சொல்லுவியான்னு பாத்தேன்."

எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனார்.

"அவகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா" என்றான் ராபர்ட். "அந்த வாரம் சனிக்கிழமை சாப்பிடப் போறதா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு வேலையில நின்னுக்கிட்டே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நானா சொல்லியிருந்தா அவ வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாமலே போச்சு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் பக்கத்தில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான்.

"உள்ள வா. சோறு இருக்கு, மீனு பாதி கருகிருச்சு" என்றான். பிறகு வழியை மறித்தபடி நின்றான். "ஆனா ஒண்ணுக்கா. எனக்காக இனிமே ஜெபம் மட்டும் பண்ணாத."

சரி என்றேன்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. இப்போது மாதம் ஒரு முறை அவன் வீட்டுக்குப் போகிறேன். சாப்பிடுகிறோம், அரசியல் பேசுகிறோம், வேலையிடத்துக் கதை பேசுகிறோம். என்னை மன்னித்தானா என்று தெரியாது. புனிதா வழக்கம்போல ஞாயிறு காலையில் என்னை ஏற்றிக்கொள்ள வருகிறாள். காரில் இருவரும் வெயிலைப் பற்றியும் நெரிசலைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம்.

காலையில் எழுந்ததும் வீட்டில் உள்ளவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி ஜெபிப்பது என் முப்பது வருடப் பழக்கம். கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளை, அப்புறம் அவன். அவன் பெயர் வரும் இடத்தில் இப்போது வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன். அந்த ஒரு மூச்சும் ஜெபம்தானோ, அவனுக்குக் கொடுத்த வாக்கைத் தினமும் காலையில் மீறிக்கொண்டிருக்கிறேனோ, எனக்குத் தெரியவில்லை. அவனிடமே கேட்கலாம். பயமாக இருக்கிறது.